பொதுநல வழக்கு: மனுதாரரைப் பார்ப்பதா, பாதிப்பைப் பார்ப்பதா?

பொதுநல வழக்குப் போட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது சொந்த வழக்குதான். டெண்டர் கைவிட்டுப் போனவர், பதவி உயர்வு கிடைக்காதவர், பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவர். பணி சார்ந்த விவகாரங்களைப் பொதுநல வழக்காக எடுக்கக் கூடாது என்று 1998-லேயே துரியோதன் சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரப்புக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. இவற்றை முதல் நாளே தள்ளுபடி செய்வதுதான் சரி.

இந்த வழி திறந்ததே வேறு ஆட்களுக்காக. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தபோது, பீகார் சிறைகளில் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் படித்த ஒரு வழக்கறிஞர் அவர்களுக்காக நீதிமன்றம் போனார். வறுமையாலோ இயலாமையாலோ தானே வர முடியாதவருக்காக, நல்லெண்ணத்தோடு இன்னொருவர் வரலாம் என்பதை 1981-இல் எஸ்.பி. குப்தா தீர்ப்பு தெளிவாக்கியது. அதனால் நான் முதலில் கேட்பது, பாதிக்கப்பட்டவரால் தானே வழக்குப் போட முடியாதா என்பதைத்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஏரியில் ஓர் ஆலை கழிவைக் கொட்டுவது உண்மை. மனுதாரர் போட்டி ஆலைக்காரரின் ஆள் என்பதும் உண்மை. அப்போது? மனுதாரரின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க வேண்டும், உள்நோக்கத்தோடு வந்தால் தண்டமாகச் செலவுத்தொகை விதிக்க வேண்டும் என்கிறது 2010-இன் பல்வந்த் சிங் சௌஃபால் தீர்ப்பு. விதிக்கட்டும். ஆனால் மனுதாரரோடு ஏரியையும் வெளியே அனுப்பிவிடக் கூடாது. 1988-இல் ஷீலா பார்சே வழக்கில், சிறையிலிருந்த குழந்தைகளுக்காக வந்தவர் மனுவைத் திரும்பப் பெற விரும்பினார். நீதிமன்றம் அவரை விடுவித்தது, வழக்கை விடவில்லை. சட்ட உதவிக் குழுவிடம் ஒப்படைத்தது. உள்நோக்க மனுக்களிலும் இதையே செய்யலாம். மனுதாரரை நீக்கிவிட்டு, நீதிமன்றத்துக்கு உதவ ஒரு வழக்கறிஞரை நியமித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அறிக்கை கேட்கலாம். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குத் தங்கள் வழக்கு தோற்றதே தெரியாது. அப்புறம் நேர்மையான ஒருவர் வந்தாலும், முந்தைய தள்ளுபடிக்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

வழக்குப் போட நினைப்பவர்கள் முதலில் ஆட்சியருக்கும் சம்பந்தப்பட்ட துறைக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) மனு அனுப்புங்கள், அனுப்பிய ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். சர்வே எண், புகைப்படம், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் எல்லாம் கையில் இருக்கட்டும். எதிர்த்தரப்போடு பழைய வழக்கோ பகையோ இருந்தால் பிரமாணப் பத்திரத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.