ஆண்பிள்ளைகளின் சிறுநீர்ப் பிரச்சினைகள்: எது பொறுக்கும், எது பொறுக்காது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்தும் எனக்கு ஒரு விஷயம் தீராத கவலை. ஆண்களுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் சிறுநீர், விதைப்பை சம்பந்தமாக ஏதாவது வந்தால், பொறுத்திருக்கலாம் என்கிற விஷயத்துக்குப் பதறி ஓடி வருகிறார்கள். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாததை 'பார்ப்போம்' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களிடம் இதை அதிகமாகப் பார்க்கிறேன்.

முதலில் விதை வலி. 12 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பையனுக்கு, தூக்கத்தில் இருந்து எழுப்பிவிடும் அளவுக்குத் திடீரென்று ஒரு பக்க விதையில் வலி வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் தண்டு, துவைத்த துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு ஓட்டத்தை அடைத்துவிடும். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் தாண்டினால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் பையன் அப்படிச் சொல்ல மாட்டான். வெட்கம். "அம்மா, வயிறு வலிக்குது" என்பான். அது பொய்யும் இல்லை. வலி அடிவயிற்றிலும் தெரியும், வாந்தியும் வரும். அம்மா ஓமத்தண்ணி கொடுப்பார், பாட்டி எண்ணெய் தடவுவார், அப்பா செம்பனைக் காட்டில் இருப்பார். மதியம் ஆகிவிடும். அதனால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் வயசுப் பையனிடம் "கீழே வலிக்குதா?" என்று நேராகவே கேளுங்கள். அம்மாவிடம் சொல்லக் கூசினால் அப்பாவோ மாமாவோ கேட்கட்டும். சில மணி நேரத்தில் வலி தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். முறுக்கு அவிழ்ந்திருக்கலாம், விதை செத்தும் போயிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அன்றே காட்ட வேண்டும்.

இதற்கு என் கிளினிக் வரிசையிலும் உட்கார வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அங்கே முகப்பில் 'வயிற்று வலி' என்று மட்டும் சொன்னால், சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று மண்டலங்களில் பச்சையில் போட்டுக் காக்க வைக்க இடமுண்டு. மலாயில் 'சாக்கிட் புவா சாக்கார், திபா-திபா' என்று சொல்லுங்கள். விதையில் திடீர் வலி என்பது உடனே புரியும். போகும் வழியில் பையனுக்குச் சாப்பாடோ மைலோவோ கொடுக்காதீர்கள்; மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அறுவை சிகிச்சையில் பொதுவாக மற்ற விதையையும் சேர்த்துத் தைத்து நிலைநிறுத்துவார்கள். அது முறுக்காமல் இருக்கத்தான்.

இதற்கு நேர் எதிர், முன்தோல். மூன்று வயதுப் பையனின் முன்தோல் பின்னால் போகவில்லை என்று கலங்கிப்போய் வருகிறார்கள். அந்த வயதில் அது இயல்பு. பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே பிரியும். சிலருக்குப் பதின்ம வயது வரைகூட ஆகும். குளிப்பாட்டும்போது பலவந்தமாகத் தள்ளாதீர்கள். கிழிந்து ஆறும் தழும்புதான் பிறகு உண்மையான பிரச்சினை ஆகிறது. ஒண்ணுக்குப் போகும்போது தோல் பலூன்போல் உப்பி, கூடவே அழுகையோ அடிக்கடி கிருமித்தொற்றோ இருந்தால் கொண்டுவாருங்கள். பல பேருக்குச் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலே போதும். பின்னால் இழுத்த தோல் திரும்பி வராமல் வீங்கிக்கொண்டால் மட்டும் அது அன்றைக்கே பார்க்க வேண்டியது.

கைக்குழந்தைக்கு விதை பைக்குள் இறங்கவில்லை என்றால் 6 மாதம் வரை பார்க்கலாம். அதற்குமேல் 'வளர்ந்தா இறங்கிடும்' என்று பள்ளிக்கூட வயது வரை விடுவது தவறு. 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிடுவது நல்லது. தாமதமானால் பின்னாளில் குழந்தைப் பேறும் பாதிக்கும், விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

வயதான அப்பாக்களுக்கு வருவோம். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார், சிறுநீர் சன்னமாக வருகிறது, முடித்த பிறகும் சொட்டுகிறது. பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கம்தான். 'வயசானா அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ள அவசியமே இல்லை, மாத்திரை இருக்கிறது. டாம்சுலோசின் சில நாளிலேயே வழியை இளக்கும்; எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அதனால் ராத்திரியில் மெதுவாக எழுந்திருக்கச் சொல்லுங்கள். ஃபினாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்கும், ஆனால் பலன் தெரிய 6 மாதம் ஆகும். அதைச் சாப்பிடுகிறவருக்கு பிராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகித்துப் பார்க்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எடுத்தால் அளவு ஏறக்குறைய பாதியாகத் தெரியும், ஆகவே டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று, மருந்துக் கடையில் வாங்கும் சளி மாத்திரை. மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் இவர்களுக்குச் சிறுநீரை மொத்தமாகவே அடைத்துவிடும். வயிறு முட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வரவில்லை என்றால் இளநீரோ பார்லித் தண்ணியோ குடித்தால் வலிதான் கூடும். குழாய் போட்டு வெளியே எடுக்க வேண்டும், அதுவும் உடனே.

கல் அடைப்பு வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சகஜம். வியர்வையில் தண்ணீர் போய்விட, சிறுநீர் அடர்ந்து கல் கட்டுகிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே வந்துவிடும். வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால் அதுதான் எனக்குப் பயம். வலித்தால் மனுஷன் வந்துவிடுவான்; வலிக்காத இரத்தம் ஒரு நாள் வந்து தானே நின்றுவிடும், அவரும் மறந்துவிடுவார். சிவப்பு டிராகன் பழம் தின்றாலும் நிறம் மாறும், உண்மைதான். ஆனால் சாப்பிடவில்லையென்றால், முக்கியமாகப் புகைபிடிக்கிறவர் என்றால், ஒரு தடவை வந்தாலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, நாற்பது ஐம்பது வயதில் முன்தோல் புதிதாக இறுகி, அரித்து, வெடிப்பு வந்தால் களிம்பு மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதே சில பேருக்கு இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. விறைப்புத் தளர்ச்சியும் அப்படியே, சில சமயம் இதய இரத்தக்குழாய் நோய்க்கு முன்னறிவிப்பாகவும் வரும். பெண் டாக்டர் இருக்கிறாரே என்று பாதியில் திரும்பிவிடாமல், ஆண் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள், தப்பே இல்லை. வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவாருங்கள், நாட்டு மருந்து உட்பட.