"பலசாலிப் பிள்ளை" என்று மெச்சுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். இங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்களும் வருகின்றன, வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்களும் வருகிறார்கள். இரு தரப்பிலும் ஒன்றைப் பார்க்கிறேன். கவலைப்பட வேண்டாததற்குத் தூக்கம் கெட்டுப் போவார்கள். உடனே காட்ட வேண்டியதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

முதலில் வேண்டாத கவலை. "பத்து மாசம் ஆச்சு, இன்னும் தவழல", "பக்கத்து வீட்டுப் பாப்பா நடக்குது, இவன் நடக்கல." உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை. நூற்றுக்கு நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போகும் குழந்தைகள் பலர் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரைக்கு (கையை ஊன்றித் தலை தூக்கி ஆடுவது) 5ஆம் மாதம், சப்பாணிக்கு (உட்கார்ந்து கை தட்டுவது) 9ஆம் மாதம் என்று வகுத்தது இன்றைய அட்டவணையோடு பெரும்பாலும் ஒத்துத்தான் போகிறது. ஆனால் அது பாட்டுடைத் தலைவனுக்கு. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் முன்பின் ஆனால் குடி முழுகிப் போகாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கே வேறு. 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வயதைப் பார்க்க வேண்டும். 2 வயது வரை இப்படித்தான்.

சரி, இனி பாராட்டுகளுக்கு வருவோம். எனக்குப் பயம் தருபவை இவைதான்.

"எட்டு மாசத்துலயே இடது கைப் பழக்கம் வந்துடுச்சு, தாத்தா மாதிரியே." இப்படி ஓர் ஆயா சிரித்துக்கொண்டே சொன்னால் நான் சிரிப்பதில்லை. குழந்தையைப் பாயில் உட்காரவைத்து, அதன் வலது பக்கம் ஒரு மரக்கரண்டியை வைப்பேன். வலது கை பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் குழந்தை உடம்பையே திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டிக் கரண்டியை எடுக்கும். வலது கையைப் பார்த்தால் விரல்கள் மூடியிருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். கைப்பழக்கம் பொதுவாக ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல்தான் தெளிவாகும். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால், மற்ற கையில் என்ன சிக்கல் என்றுதான் கேட்க வேண்டும். மூளையின் ஒரு பக்கத்தில் பாதிப்பு இருக்கலாம், பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் அந்தக் கை வேலைக்குப் பழகும்.

"நாலு மாசம்தான், நிக்க வெச்சா தூண் மாதிரி நிக்கிறான், பலசாலி." இதில் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாப்கின் மாற்றும்போது தொடைகள் விரியாமல் இறுகுகிறதா, தூக்கினால் கால்கள் கத்தரிபோல் குறுக்கே போகின்றனவா, பாதம் எப்போதும் நுனியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது பலமல்ல, தசை இறுக்கம். ஒரு தொடை மட்டும் விரியவில்லை என்றால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"அழுகையே கிடையாது, வெச்ச இடத்துல கிடக்கும்." அமைதியான குழந்தைகள் உண்டுதான். ஆனால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது கைக்குள்ளிருந்து நழுவுகிறது, 4 மாதம் தாண்டியும் கழுத்து நிற்கவில்லை, பால் குடிக்கத் திணறுகிறது என்றால், தளர்ந்த தசையாக இருக்கலாம். தைராய்டு குறைவிலும் இப்படி வரும். அதற்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் உண்டு, நாள் கடத்தத்தான் கூடாது.

ஆண் குழந்தை 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால், தசைச் சிதைவு நோயா என்று அறிய கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், எந்த வயதானாலும் சரி, செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால், உட்கார்ந்த பிள்ளை உட்கார முடியாமல் போனால், அன்றைக்கே காட்ட வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

நடை தாமதம் என்றதும் இங்கே எல்லோரும் வாங்குவது வாக்கிங் ரிங், அதாவது குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் சக்கரம் வைத்த பேபி வாக்கர். வேண்டாம். அதில் குழந்தை நுனிக்காலால் உந்திக்கொண்டு திரியும். தன் எடையைத் தாங்கவோ விழுந்தால் சமாளிக்கவோ பழகாது. படியில் உருண்ட காயமும், அடுப்புப் பக்கம் போய்ச் சுட்டுக்கொண்ட காயமும் தனிக் கதை. கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பணம் போட்டு வாங்கிவிட்டோமே என்பவர்கள் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். மாறாக, வீட்டு வேலைக்கு வரும் ஜூலு அக்கா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டால் தடுக்காதீர்கள். கழுத்து நின்ற குழந்தைக்குத் தொடை விரிந்து உட்காரும் அந்த நிலை இடுப்புக்கு நல்லது. விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்க, தரையில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க.

கிளினிக் புத்தகம் எல்லார் வீட்டிலும் இருக்கும். ரோடு டு ஹெல்த் என்று அட்டையில் போட்டிருக்குமே, அதுதான். ஊசிப் பக்கத்தைத் தாண்டி அதில் வளர்ச்சிப் பக்கமும் உண்டு, வயதுவாரியாகக் கட்டம் போட்டு. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழும், நாமும் கிளம்பிவிடுவோம். அந்தக் கட்டங்களையும் பார்த்து எழுதச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். தனியார் பிசியோவிடம் வர டாக்டர் கடிதம் தேவையில்லை.

வரும்போது அந்தப் புத்தகத்தோடு, வீட்டில் குழந்தை நகர்வதை, பொருளை எட்டி எடுப்பதைப் போனில் பிடித்துக் கொண்டுவாருங்கள். புது இடத்தில் பாதிக் குழந்தைகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு எதையும் செய்து காட்டாது. மதியத் தூக்க நேரத்தில் மட்டும் அப்பாயின்மென்ட் வாங்காதீர்கள்.