தொய்வில் இருக்கிறது தொழில்

துணி காயப்போடும் கொடி தொங்கினால் நமக்குப் பொறுக்காது. இழுத்து விறைப்பாகக் கட்டுவோம். மறுநாள் நனைந்த போர்வை ஒன்றைப் போட்டதும் சுவரில் அடித்த ஆணியே கழன்று வந்துவிடும். போர்வை நாலைந்து கிலோதான் இருக்கும். ஆனால் ஆணியை இழுத்த விசை அதைப் போலப் பல மடங்கு. உயரத்திலிருந்து தாழ்வுக்கு வடம் கட்டி, அதில் ஆளைத் தொங்கவிட்டுச் சறுக்கவிடும் ஜிப்லைனைக் கட்டுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: வடத்தைத் தொய்யவிட வேண்டும், எவ்வளவு தொய்யவிட வேண்டும் என்று தெரிந்து தொய்யவிட வேண்டும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள். நடுவே 12 மி.மீ. தடிமனுள்ள எஃகு வடம். அதில் தொங்கும் ஆளும் அவரைத் தாங்கும் ஹார்னெஸ் என்கிற வார்க்கச்சையும் சேர்ந்து 100 கிலோ. அவர் நடுவழிக்கு வரும்போது வடம் 4 மீட்டர் தொய்கிறது என்றால், அதிலுள்ள இழுவிசை சுமார் 2 டன். வடம் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கிறது. அதன் இழுவிசையில் மேல்நோக்கி இருக்கும் சிறு பங்குதான் ஆளைத் தாங்குகிறது. அந்தச் சிறு பங்கு 100 கிலோவுக்கும் வடத்தின் சொந்த எடைக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால், மொத்த இழுவிசை அவ்வளவு பெரிதாக இருந்தே தீர வேண்டும். தொய்வை 2 மீட்டராகக் குறைத்தால் இழுவிசை 4 டன்னாகிவிடும். 8 மீட்டர் தொய்யவிட்டால் ஒரு டன் போதும்.

வெயிலும் இந்தக் கணக்கில் உண்டு. காலையைவிட மதியம் 20 டிகிரி கூடினால் 200 மீட்டர் எஃகு வடம் சுமார் 5 செ.மீ. நீளும். 5 செ.மீ.தானே என்று விட்டுவிட முடியாது. அந்தச் சிறு நீட்சிக்கே நடுவில் தொய்வு ஏறத்தாழ ஓர் அடி கூடிவிடும்.

வடம் கட்டிப் பாரம் கடத்தும் வித்தை பிரிட்டனின் வடக்கு வேல்ஸுக்குப் புதிதல்ல. அங்குள்ள ஸ்லேட் குவாரிகளில் பள்ளத்தின் குறுக்கே வடம் கட்டி, கற்பாளங்களை அதில் தொங்கவிட்டு மேலே கொண்டுவந்தார்கள். அந்தச் சாதனத்துக்கு ‘பிளாண்டின்’ என்றே பெயர். 1859-இல் நயாகராவின் குறுக்கே கயிற்றில் நடந்த பிளாண்டினின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். ரோப் கோர்ஸ் என்கிற கயிற்றுப் பயிற்சித் திடலுக்கும் இந்தப் பகுதியோடு உறவு உண்டு. 1941-இல், போர்க்கால மாலுமிகளுக்கு மனத்திடம் ஊட்ட அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி இங்குள்ள அபர்டோவியில்தான் தொடங்கியது. பின்னாளில் பல நாடுகளுக்கும் பரவிய கயிற்றுப் பயிற்சிகளுக்கு அந்தப் பள்ளி ஒரு முக்கியமான ஊற்று.

அதே வட்டாரத்தில் முளைத்தது ஜிப் வேர்ல்ட். ராயல் மரீன் படையில் இருந்த ஷான் டெய்லர் தொடங்கிய நிறுவனம் இது. 2013-இல் பெத்தெஸ்டா ஊரின் பென்ரின் குவாரிக்கு மேல், ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. நீள வடங்களைக் கட்டினார்கள். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஸ்லேட் குவாரி அது. அடுத்த ஆண்டு லெக்வெத் ஸ்லேட் சுரங்கத்தின் நிலத்தடிக் குகையில், ஏறிக் குதித்து விளையாட வலை கட்டினார்கள். 2021-இல் தெற்கு வேல்ஸில், மூடப்பட்ட டவர் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனார்கள். தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளம் அங்கே சொத்தாகிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வேண்டியது உயர வித்தியாசம், அது குவாரியில் ஏற்கெனவே இருக்கிறது.

உயரம்தான் வேகம். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் இறங்கியவர் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும் 100 மீட்டர் இறங்கியவர் 160 கி.மீ. வேகத்திலும் போவார். உண்மையில் காற்று தடுக்கும். பென்ரினில் தலையை முன்னால் நீட்டிக் குப்புறப் படுத்தபடி போவதால் காற்றில் மோதும் பரப்பு குறைகிறது, வேகம் 160-ஐத் தொடுகிறது. எடை மிகுந்தவர் வேகமாகப் போவார், ஒல்லியான பிள்ளை எதிர்க்காற்றில் நடுவழியிலேயே நின்றுவிடலாம். விழும் வேகத்துக்கும் எடைக்கும் தொடர்பில்லை என்று பள்ளியில் படித்தது காற்று இல்லாத இடத்துக்கு மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆள் போகும் பாதை. இரண்டு ஆணி அடித்து, நூலைத் தளர்வாகக் கட்டி, பென்சிலால் நூலை விறைப்பாகத் தள்ளிக்கொண்டே போனால் நீள்வட்டம் வரும் அல்லவா? ஜிப்லைனில் கம்பங்கள்தான் ஆணிகள், ஆள்தான் பென்சில். வடத்தின் எடையையும் நீட்சியையும் ஒதுக்கிவிட்டால் அவர் வரைவது நீள்வட்டத்தின் அடிப்பகுதி. அதாவது கடைசியில் பாதை சற்று மேலேறும். அந்த ஏற்றமே முதல் பிரேக்.

ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் வந்து சேர்கிறார்கள். தொடக்க காலத்தில் தோல் கையுறை போட்ட கையால் வடத்தை அழுத்தித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருபவரை 15 மீட்டரில் நிறுத்தினால் உடம்பு உணரும் விசை அவருடைய எடை அளவே. 3 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால் நீண்ட சுருள்வில்களைக் கோத்தார்கள். அப்புறம் காந்தப் பிரேக் வந்தது. காந்தங்களுக்கிடையே அலுமினியம் போன்ற உலோகம் நகரும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் நகர்வை எதிர்க்கிறது. பிரேக்கில் ஒன்றோடொன்று உரசித் தேயும் பாகம் இல்லை. வேகமாக வந்தால் எதிர்ப்பு அதிகம், மெதுவாக வந்தால் குறைவு. வருபவரின் எடை என்ன என்று யாரும் பார்த்துத் திருகிவைக்க வேண்டியதில்லை. இதற்கும் பின்னால் இன்னொரு பிரேக் இருக்க வேண்டும், அது ஊழியர் கை வைக்காமலே தானாக வேலை செய்ய வேண்டும். பிரேக்குக்குத் தயங்காமல் செலவு செய்கிற நிறுவனம்தான் அடுத்த வடத்தைக் கட்டத் தகுதியானது என்பேன்.

முன்பு முகாம் நடத்துகிறவர்களே கையில் கிடைத்த கயிற்றைக் கொண்டு கயிற்றுப் பயிற்சித் திடலைக் கட்டிக்கொண்டார்கள். 1993-இல் அமெரிக்காவில் கட்டுநர்கள் சங்கமாகச் சேர்ந்து தர விதிகள் எழுதத் தொடங்கியபின் அது முறையான தொழிலாகியது. இன்று ஒரு கட்டுமான நிறுவனத்தின் வேலை திறப்பு விழாவோடு முடிவதில்லை. வடத்தின் இழைகளில் ஒன்றிரண்டு அறுந்திருக்கிறதா, ஆளைத் தொங்கவிட்டு வடத்தின் மேல் உருளும் ட்ராலியின் சக்கரம் தேய்ந்திருக்கிறதா, கம்பத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தளர்ந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

கம்பத்துக்குப் பதில் உயிருள்ள மரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மரத்தைச் சுற்றி வடத்தை இறுக்கிக் கட்டினால் அது செத்துப்போகும். இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கு வழியாக. சுற்றிலும் நெரித்தால் அந்த வழி அடைபட்டு வேர் பட்டினி கிடக்கும். அதனால் தண்டின் நடுவே ஒரே துளை போட்டு போல்ட்டைச் செருகுகிறார்கள், அந்தக் காயத்தை மரம் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் தண்டைச் சுற்றி இடைவெளிவிட்டு மரக்கட்டைகளை நிறுத்தி, அவற்றின் மேல் மேடையைக் கவ்வவைக்கிறார்கள். மரம் ஆண்டுதோறும் பருக்கும். அதற்கு இடம் கொடுக்க, ஆய்வுக்கு வருபவர் அந்தக் கவ்விகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போகிறார்.