இடமாறு கூறு: ‘இடம்பெயர்’ ஏன் பொருந்தாது?

கிளிநொச்சியில் ஓர் உயர்தர உயிரியல் வகுப்பில் ‘இடம்பெயரும் பரம்பரையலகு’ (பரம்பரையலகு என்றால் ஜீன்) என்று கரும்பலகையில் எழுதினேன். டி.என்.ஏ.யில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டுகளுக்கு நான் இட்ட பெயர் அது. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், இடம்பெயர்ந்ததெண்டால் பழைய இடத்தில ஆள் இல்லைத்தானே?”

வன்னியில் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கும் 2009இல் இங்கிருந்து வெளியேறியவர்களுக்கும் அது கதவைச் சாத்தவும் நேரமில்லாமல் போனதைத்தான் சொல்லும். ஆனால் நான் படிப்பிக்க வந்த கூறுகளில் பெரும்பாலானவை பழைய இடத்தை விட்டு அசைவதே இல்லை. பிள்ளை சரியான இடத்தில் பிடித்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் இது டிரான்ஸ்போசபிள் எலிமென்ட். இலத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் குறுக்கே, அப்பால். அதோடு ‘வை’ என்ற வினை சேர்ந்து, எடுத்து வேறிடத்தில் வைப்பது என்றாகிறது. டிரான்ஸ்போசோன் என்ற சுருக்கம் 1974இல் பக்டீரியா ஆய்வில் பிறந்தது. ‘தாவும் மரபணு’ என்பது ஜம்பிங் ஜீன் என்ற பத்திரிகைப் பெயரின் நேர்ப் பெயர்ப்பு. தலைப்புக்கு நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.

இவற்றுக்கெல்லாம் முந்திய பெயர் ஒன்று உண்டு. 1940களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பார்பரா மக்கிளின்டொக் சோளன் பயிரிட்டு ஆராய்ந்தார். ஏ9 வீதியோரம் நாங்கள் வாங்கும் அவித்த பொத்தி ஒரே மஞ்சள். அவர் பார்த்தவை புள்ளி விழுந்த மணிகள். நிறம் தரும் பரம்பரையலகுக்குள் ஒரு துண்டு வந்து குந்திக்கொண்டால் மணி நிறமிழக்கும். மணி வளரும்போதே ஏதாவது ஒரு கலத்தில் அந்தத் துண்டு கழன்றுவிட்டால், அந்தக் கலத்தின் வழிவந்தவற்றுக்கு மட்டும் நிறம் திரும்பும். நேரத்தோடு கழன்றால் பெரிய புள்ளி, பிந்திக் கழன்றால் பொட்டுப்போல. இதற்கு அவர் இட்ட பெயர் ‘கட்டுப்படுத்தும் கூறு’. 1983இல், 81 வயதில், மருத்துவ நோபல் பரிசை அவர் தனியாகப் பெற்றபோது அந்தப் பெயர் பெரும்பாலும் பின்தள்ளப்பட்டிருந்தது. எனக்கென்னவோ, தோற்றுப்போன அந்தப் பெயர்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது.

சோளனில் அவர் கண்டது வெட்டி ஒட்டும் வகை. மேடையிலிருந்து மிளகாய்க் கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது மாதிரி. மற்ற வகை போட்டோக்கொப்பி: மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆர்.என்.ஏ. வழியாக எடுத்த படி ஒன்று மீண்டும் டி.என்.ஏ. ஆகி வேறிடத்தில் செருகிக்கொள்ளும். மனித டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 45 வீதம் இத்தகைய கூறுகளிலிருந்து வந்தது, அதிலும் பெரும்பங்கு கொப்பி வகை. புரதத்துக்கான குறிப்பு 2 வீதம்கூட இல்லை. கொப்பிகளில் மிகப் பல உடைந்து, ஊமையாகிக் கிடக்கின்றன.

ஊமையாகாதது என்ன செய்யும்? வாய்க்காலின் மேற்புறத்தில் யாரோ தன்பாட்டில் ஒரு துருசு வைத்துத் திறந்துவிட்டதாக நினையுங்கள். கீழே உள்ள வயலை யாரும் தொடவில்லை, ஆனால் முறை தவறித் தண்ணீர் பாயும். ஒருவகை எலியில் இதுதான் நடந்தது. அகூட்டி என்ற பரம்பரையலகு, மயிர் வளரும்போது கொஞ்ச நேரம் மட்டும் வேலைசெய்து ஒவ்வொரு மயிரிலும் ஒரு மஞ்சள் வளையம் போடும். அதன் முன்னால் ஒரு கூறு வந்து செருகி, தன் சொந்த ஆளியால் (சுவிட்ச்) அதை ஓயாமல் இயக்கியது. எலி முழு மஞ்சளாகி, கொழுத்தும் போனது. அந்தக் கூற்றின் மேல் மெதைல் என்ற சிறு இரசாயனக் குறிகள் ஏறி வாயை அடைத்தால் எலி வழமையான கபில நிறம். ஒரே ஈற்றில், ஒரே டி.என்.ஏ.யோடு பிறந்த குட்டிகளிலேயே இரண்டையும் காணலாம். ‘கட்டுப்படுத்தும் கூறு’ என்ற பெயர் சரியென்று நான் சொன்னது இதனால்தான்.

எங்கள் பட்டி மாடுகளிலும் ஒரு கதை இருக்கிறது. மாட்டின் டி.என்.ஏ.யில் கால்வாசியளவு, பொவ்-பி என்ற கூறும் அதன் வழிவந்தவையும். அதன் நெருங்கிய உறவு பாம்பிலும் பல்லியினத்திலும் கிடக்கிறது! ஊர்வனவற்றில் ஒட்டும் உண்ணிகளிலும் அது அகப்பட்டதால், உண்ணி காவி வந்திருக்கலாம் என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. ‘டிரான்ஸ்’ என்பதன் ‘குறுக்கே’ இங்கே இனத்தையே தாண்டிவிட்டது.

சரி, தமிழில் எதை எழுதுவது? ‘பரம்பரையலகு’, ‘மரபணு’ இரண்டையும் விட்டு ‘கூறு’ என்பேன், ஏனெனில் பல துண்டுகள் முழுப் பரம்பரையலகே அல்ல. ‘இடமாற்றம்’ ஆசிரியர்மாரின் ட்ரான்ஸ்ஃபரை நினைவூட்டும், ஆனாலும் ‘இடம்பெயர்வு’ தரும் கனம் அதில் இல்லை. ஆக, பொதுப்பெயர் ‘இடமாறு கூறு’. கொப்பி வகைக்கு ‘படியெடுத்துப் பரவும் கூறு’.

அடுத்த கிழமை கரும்பலகையில் அப்படியே எழுதினேன். “அப்ப முதலாவது வகைக்கு மட்டும் பழைய சொல் சரி, என்ன சேர்?” என்றாள். ஓமென்று தலையாட்டினேன், எழுதத்தான் மனம் வரவில்லை.