லைன்பேக்கரின் தலைக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்கக் கால்பந்து என்றாலே ஹெல்மெட் மாட்டிய தடியன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழும் ஆட்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், லைன்பேக்கர் என்ற ஆட்டக்காரர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று கவனிக்கும்வரை.

தடுக்கும் அணியின் 11 பேரில் முன்வரிசைக்காரர்கள் எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் குனிந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலைந்து கஜம் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர் லைன்பேக்கர். பந்து அசைந்ததும், பந்துக்காரருக்கு வழிவிட நம்மை மறிக்கும் எதிரணி ஆள் முதல் அடியை எந்தப் பக்கம் எடுத்து வைக்கிறார், அவர்களுடைய ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை நிஜமாகவே கை மாற்றினாரா, இல்லை கொடுப்பதுபோலப் பாசாங்கு செய்தாரா என்பதையெல்லாம் அரை நொடிக்குள் படித்து, ஓடப்போகிறார்களா எறியப்போகிறார்களா என்று முடிவுகட்டிப் பாய வேண்டும். பெரும்பாலும் ஐந்தாறு நொடியில் எல்லாமே முடிந்துவிடும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், 2008 முதல் தடுக்கும் அணியிலும் ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்க அனுமதி உண்டு, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்ல. பெரும்பாலும் அந்த ஹெல்மெட் லைன்பேக்கருடையதாகத்தான் இருக்கும்.

ஆக, இது முதலில் மூளையால் செய்கிற வேலை. கோளாறு என்னவென்றால், மூளை சரியாகக் கணித்தால் கிடைக்கும் பரிசே மோதல்தான். முன்வரிசைக்காரர் நின்ற இடத்திலிருந்து முட்டுகிறார், இவரோ ஓடிவந்து, தானும் ஓடிவரும் ஒருவரை இடிக்கிறார்.

இந்த வேலையை ஜூனியர் சேயாவ் அளவுக்குச் செய்தவர்கள் குறைவு. அமெரிக்கச் சமோவாவிலிருந்து வந்த குடும்பம். வளர்ந்தது கலிபோர்னியாவின் ஓஷன்சைடில். 1990-இல் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக சான்டியாகோ சார்ஜர்ஸ் அணிக்குப் போனார், பிறகு மயாமி, நியூ இங்கிலாந்து என்று மொத்தம் 20 பருவங்கள் ஆடினார். 1991 முதல் 2002 வரை ஒரு வருடம்கூட விடாமல் 12 முறை நட்சத்திர ஆட்டமான ப்ரோ போலுக்குத் தேர்வானார். பயிற்சியாளர் வரைந்து கொடுத்த இடத்தில் நிற்காமல், 'இங்கேதான் வரும்' என்று தன் போக்கில் ஊகித்துப் பாய்வது அவர் பாணி, முக்கால்வாசி நேரம் அது பலித்தும்விடும். 1995 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஏஎஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில் கழுத்தில் நரம்பு அழுந்திய வலியோடு ஆடி 16 டேக்கிள் எடுத்தார், அதாவது பந்தோடு வந்தவர்களை 16 முறை மடக்கி வீழ்த்தினார்.

அவர் ஊகித்துப் பாய்ந்த ஒவ்வொரு முறையும் தலைக்குள் என்ன நடந்திருக்கும்?

ஹெல்மெட் எதற்கு என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. அது மண்டையோடு பிளக்காமல் காப்பாற்றும், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் மூளை மண்டையோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை, சுமார் 1.4 கிலோ எடையோடு, நுங்குபோலக் கொழகொழவென்று, நீர்மத்தில் மிதந்துகொண்டிருப்பது. மோதலில் தலை சட்டென்று நின்றாலும் மூளை தன் வேகத்திலேயே கொஞ்சம் போய்விட்டுத்தான் திரும்பும். தூக்குவாளியை எவ்வளவு கனமான இரும்பில் செய்தாலும், பஸ் சடாரென்று பிரேக் போட்டால் உள்ளேயிருக்கும் குழம்பு அலம்பத்தானே செய்யும்? நேராகத் தள்ளப்படுவதைவிடத் தலை வெடுக்கென்று திரும்புவது மோசம், மூளையின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று நடுவிலிருக்கும் நரம்பிழைகளை இழுத்து முறுக்கிவிடும்.

அந்த இழைகளுக்குள் நுண்ணிய குழாய்கள் உண்டு. கட்டடச் சாரத்தின் மூங்கில்களைக் கயிற்றால் கட்டியிருப்பதுபோல், டௌ என்ற புரதம் அந்தக் குழாய்களை நிலையாகப் பிடித்துவைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப இழுபட்டால் டௌ கழன்று, வடிவம் மாறி, உருண்டு கட்டியாகிறது. முதலில் மூளை மடிப்புகளின் பள்ளத்தில், சின்ன இரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் இந்தக் கட்டிகள் தென்படும், ஏனென்றால் குலுங்கும்போது அதிகமாக நசுங்கி இழுபடுவது அந்த இடங்கள்தான். பிறகு மெல்லப் பரவுகிறது, ஆட்டத்தைவிட்டு வெளியேறிப் பல வருடங்கள் ஆன பிறகும்கூட. திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் இந்த மூளை நோயை மருத்துவர்கள் சுருக்கமாக சிடிஇ என்கிறார்கள். குத்துச்சண்டைக்காரர்களிடம் அடிபட்டு அடிபட்டு வரும் தள்ளாட்டத்தை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் எழுதிவைத்தார், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் மூளையில் பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் சிடிஇயைக் கண்டதோ 2002-இல்.

மயங்கி விழ வைக்கும் பெரிய அடிதான் ஆபத்து என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். லைன்பேக்கரின் பிரச்சினை அதுவல்ல. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகிற சின்ன இடிகள் இருக்கின்றனவே, பள்ளிக்கூட நாளிலிருந்து ஆயிரக்கணக்கில் சேர்பவை, அவைதான். கால்பந்து ஆடிய 631 பேரின் மூளைகளை வைத்து 2023-இல் வந்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: எத்தனை முறை மூளை அதிர்ச்சி கண்டறியப்பட்டது என்ற எண்ணிக்கையைவிட, வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த விசைதான் சிடிஇயோடு பொருந்திப்போனது.

2012 மே 2 அன்று, 43 வயதில், சேயாவ் ஓஷன்சைடில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசி வருடங்களில் தூக்கமின்மை, மறதி, திடீர்க் கோபம் எல்லாம் இருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த மூளைத் திசுவை, அது யாருடையது என்று தெரியாமலேயே நிபுணர்கள் பார்த்தார்கள். சிடிஇ இருந்ததாக 2013 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அந்த மரணத்துக்கு அதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, பார்த்த 111 என்எஃப்எல் வீரர்களில் 110 பேருக்கு இந்த நோய் இருந்ததாகச் சொன்னதையும் கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும், அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தானே மூளையைக் கொடுக்க அதிகம் முன்வருவார்கள். உயிரோடிருப்பவரிடம் இதை உறுதிப்படுத்தும் சோதனை இன்னும் வரவில்லை என்பது இன்னொரு சிக்கல்.

2022-இல் பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் முன்வரிசைக்காரர்களும் லைன்பேக்கர்களும் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தென்ற உறை போட வேண்டும் என்று என்எஃப்எல் கட்டாயமாக்கியது. இடியின் வேகத்தை அது கொஞ்சம் குறைக்கும், குழம்பு கொஞ்சம் குறைவாக அலம்பும், அவ்வளவுதான். பயிற்சியில் மோதும் நாட்களையே குறைப்பதுதான் இதைவிடப் பலன் தரும் என்பது என் கணிப்பு.

சான்பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்டும் லைன்பேக்கர்தான். முதல் பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் தலையில் ஓர் அடி வாங்கி, அணியில் இடம் போய்விடுமே என்று எதுவும் சொல்லாமல் ஆடினார். அந்தப் பருவம் நன்றாகவே அமைந்தது. அப்புறம் ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டு, 2015 மார்ச்சில், 24 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது வாங்கிய போனஸில் முக்கால் பங்கை அணிக்குத் திருப்பிக் கொடுத்தார்.