சால்னா கவரும் சூடான ஜல்லியும்

பிளாஸ்டிக் தார்ச்சாலை மதுரையில் பிறந்தது என்று இங்கே பலரும் பெருமையாகச் சொல்வார்கள். திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அந்தச் சாலைக்குள் எந்தக் குப்பை போகலாம், எது போகவே கூடாது என்ற பேச்சு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. கல்லூரி வளாகங்களில் குப்பையைப் பிரிக்கச் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது.

தார்ச்சாலையின் எதிரி தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் நடுவே அது புகுந்துவிட்டால் தார் உரிந்து குழி விழும். வாசுதேவன் முறையில் ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுவார்கள். கடலை மிட்டாயில் பாகு பிடிப்பதுபோல, உருகிய பிளாஸ்டிக் ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் தார். இரண்டும் ஹைட்ரோகார்பன்கள் என்பதால் நன்றாகவே ஒட்டும். கல்லின் நுண்துளைகளும் அடைபடுவதால் தண்ணீர் நுழைய வழி குறைவு. ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும்.

பிளாஸ்டிக் இந்தச் சூட்டில் உருக வேண்டும், சிதையக் கூடாது. பால் பாக்கெட், கேரி பை எல்லாம் பாலிஎத்திலீன். 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' என்ற பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும். அது தனியே போய் நூலிழையாவதே நல்லது. தொல்லை பிடித்தது பி.வி.சி. ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் மதுரையில் காதுகுத்துகூட நடக்காது, கல்லூரி விழா நடக்குமா? அந்தப் பேனர், பாலியஸ்டர் நெசவின்மேல் பி.வி.சி. பூசியது. தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். சூடு ஏற ஏற அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவாக வெளியேறி, பக்கத்தில் வேலை செய்பவரின் தொண்டையைப் பிடிக்கும். மைதான மூலையில் போட்டுக் கொளுத்தினால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வேறு. சாலைக்குப் போகிற மூட்டையில் ஒரு பேனர் துண்டுகூட இருக்கக் கூடாது.

சரி, விடுதிக்கு இரவில் வரும் பரோட்டா பார்சலைப் பிரித்துப் பாருங்கள். வாழை இலை, செய்தித்தாள், ரப்பர் பேண்ட், சால்னா கட்டிய மெல்லிய கவர். சாப்பிட்டதும் எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் போட்டு இறுக்கி முடிந்து தொட்டியில் வீசினால், நான்கும் கெட்டது. மீந்த சால்னா தாளில் ஊறியதால் பழைய பேப்பர் கடையில் அதை வாங்கமாட்டார்கள். கவர் ஈரமும் எண்ணெயுமாக இருப்பதால் ஜல்லியில் சீராகப் படியாது. இலையோ காற்றில்லாத பைக்குள் அழுகி, மீத்தேனும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் விடும். அந்த முடிச்சை மறுநாள் காலையில் வெறுங்கையால் அவிழ்ப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர்.

அதே இலையும் மீந்த சோறும் காற்றுள்ள உரக்குழிக்குப் போனால் கதை வேறு. நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். மெஸ் கழிவில் நைட்ரஜன் அதிகம், ஈரமும் அதிகம். வளாகத்து வேம்பும் புங்கையும் உதிர்க்கும் சருகில் கார்பன் அதிகம். சோற்றின்மேல் சருகைத் தாராளமாகப் போட்டுக் கிளறிவிட்டால் சில நாட்களில் குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் ஏறும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் சாகும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை அல்லது கிளறவில்லை என்று அர்த்தம். சருகைக் கூட்டிக் கொளுத்துகிற வளாகங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் நிறுவனம் மக்கும் குப்பையைக் கூடியவரை தன் இடத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. பெரிய விடுதி உள்ள கல்லூரி எதுவும் அதில் தப்பவில்லை.

எந்தத் தொட்டியிலும் சேராத ஒன்று உண்டு: டீ குடிக்கும் பேப்பர் கப். உள்ளே மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் உரக்குழியில் முழுதாக மக்காது, பேப்பர் கடைக்கும் ஆகாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் அடக்கம். இருந்தாலும் கேன்டீன் வாசலில் குவிந்துதான் கிடக்கிறது. கண்ணாடி டம்ளர் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. கழுவ ஓர் ஆள் வேண்டும், அவர் சம்பளத்தை நிர்வாகம் தருவதா கேன்டீன்காரர் தருவதா என்பதில்தான் பேச்சு நின்றுவிடும்.