பழைய போன் பில் பாக்கியா? 500 ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்

மதுரை செல்லூரில் தறி ஓட்டும் ஒரு அம்மா போன மாதம் ஒரு நோட்டீஸோடு வந்தார். வீட்டில் எப்போதோ இருந்த போஸ்ட்பெய்டு கனெக்‌ஷனுக்கு 2,870 ரூபாய் பாக்கியாம், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 6,400 ஆம், ஏழு நாளில் கட்டாவிட்டால் கைதாம். ஒரு வக்கீல் பெயரில் அடித்திருந்தது. அந்த கனெக்‌ஷனை 2018-லேயே எழுதிக்கொடுத்து நிறுத்திவிட்டார்கள். "தினமும் நாலு தடவை கூப்பிடுறான் தம்பி, பக்கத்து வீட்டுக்கும் போன் போட்டுட்டான்" என்றார். கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவான் என்று நினைத்து முந்தின நாள்தான் 500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அவன் விடவில்லை. பாக்கியை ஒத்துக்கொண்டுதானே பணம் அனுப்பினீர்கள், மீதி எங்கே என்று மறுநாள் காலையிலேயே கேட்டிருக்கிறான்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த 500 ரூபாய்க்காகத்தான்.

சட்டம் சுருக்கமாக இதுதான். 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டப்படி, இந்த மாதிரி பாக்கிக்கு பணம் கட்ட வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அது தாண்டினால் கோர்ட் மூலம் வசூலிக்க முடியாது. கடன் அழிந்துபோகிறது என்று சட்டம் சொல்லவில்லை, கோர்ட் கதவு மூடிவிடுகிறது, அவ்வளவுதான். கதவு மூடிய பிறகு வசூல் ஏஜென்ட் கையில் மிஞ்சியிருப்பது போனும் மிரட்டலும் மட்டும்தான், அதனால்தான் பழைய பாக்கிக்கு இவ்வளவு சத்தம்.

ஆனால் மூடிய கதவை நாமே திறந்துவிட முடியும், நிறைய பேர் திறந்துவிடுகிறார்கள். மூன்று வருடம் முடிவதற்குள் "ஆமாம், பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் எண்ணலாம். கொஞ்சம் பணம் கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்தில் ஆதாரம் இருந்தாலும் அப்படியே. மூன்று வருடம் முடிந்த பிறகும்கூட, "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். அந்த அம்மா எங்கும் கையெழுத்துப் போடவில்லை, அது ஒரு ஆறுதல். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்று தட்டினால் அதுவும் எழுத்துதான் என்று வாதாட இடம் கொடுத்த மாதிரி. போனில் வாக்குவாதமே வேண்டாம். "எந்த பில், எந்த மாதம், யார் பெயர், எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள்.

கைது என்பது பொய். போன் பில் பாக்கி சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. வீட்டுக்கு வந்து மிரட்டினாலோ, அக்கம்பக்கத்தில் அசிங்கப்படுத்தினாலோ, அது ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். அழைப்பு வந்த நம்பர், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "ட்ராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் கட் ஆகும்" என்று வந்தால் அது வசூலும் இல்லை, திருட்டு. ட்ராய் யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் செய்யுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

நோட்டீஸில்தான் பாதிப்பேர் பயந்துவிடுகிறார்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது வக்கீல் எழுதிய கடிதம், கோர்ட் உத்தரவு இல்லை. கேஸ் நம்பர் போட்டிருந்தால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பாருங்கள், நிஜ வழக்காக இருந்தால் அங்கே தெரியும். உண்மையான சம்மன் வந்துவிட்டால் மட்டும் போகாமல் இருக்காதீர்கள், பில் பழையது என்றாலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இன்னொன்று மக்கள் நீதிமன்ற நோட்டீஸ். அங்கே உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் முடிவாகாது ("நிரந்தர மக்கள் நீதிமன்றம்" என்று போட்டிருந்தால் மட்டும் வேறு, அங்கே சமரசம் ஆகாவிட்டாலும் தீர்ப்புச் சொல்லலாம்). ஆனால் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. கூட்டத்தில் வரிசையாக உட்காரவைத்து, "பாதி கட்டிட்டுப் போங்கம்மா, வேலை முடிஞ்சது" என்பார்கள். பாக்கி உங்களுடையது இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கூட ஆள் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

சரி, இனி அலைச்சல். ட்ராய்க்கு எழுதினால் தனிநபர் புகாரை எடுப்பதில்லை என்று பதில் வரும். ரிசர்வ் வங்கிக்கு எழுதினால் அதுவும் திரும்பும். காலை எட்டுக்கு முன்னால், இரவு ஏழுக்குப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விதி வங்கி, நிதிக் கம்பெனிக் கடனுக்கு உரியது, போன் பில்லுக்கு இல்லை. இதை நம்பி மேலூரிலிருந்து ஒருவர் இரண்டு மாதம் வீணாக்கினார். தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்குப் போனால், கம்பெனியில் அப்பீல் வரை போனீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எந்த வாசலில் நின்றாலும் முதல் கேள்வி டாக்கெட் நம்பர், அதாவது கம்பெனி கொடுத்த புகார் பதிவு எண், எங்கே என்பதுதான்.

அதனால் எரிச்சலாக இருந்தாலும் கம்பெனியின் புகார் மையத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். "பார்க்கிறோம் சார்" என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள், டாக்கெட் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வரும் வரை விடாதீர்கள். ஷோரூமில் வாயால் சொன்னது புகாரே இல்லை, அங்கே இருக்கும் பையனுக்கு உங்கள் பில்லை மாற்றும் அதிகாரமும் இல்லை. பதில் சரியில்லை என்றாலோ, வரவே இல்லை என்றாலோ 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கனெக்‌ஷனை நிறுத்த எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல், கடைசியாகக் கட்டிய ரசீது, டெபாசிட் ரசீது மூன்றையும் சேருங்கள். டெபாசிட்டைக் கழிக்காமலேயே பாக்கி கேட்ட பில்களை நானே பார்த்திருக்கிறேன். தல்லாகுளமோ வடக்கு வெளி வீதியோ, தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போன் தகராறு நுகர்வோர் கோர்ட்டில் வராது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பல வருடம் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னும் பழைய பாட்டைப் பாடுகிறவர்கள் உண்டு, கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் நோட்டீஸ் வந்த உறையைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து பாருங்கள், சில கம்பெனிகள் அதற்கே இறங்கிவருகின்றன.

எடுக்காத கனெக்‌ஷனுக்கே பில் வந்தால்? ஆதார் நகலைக் கண்ட கடையில் கொடுத்தவர்களுக்கு இது நடக்கிறது. சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்த்து, தெரியாத நம்பரை என்னுடையது இல்லை என்று குறித்துவிடுங்கள். கம்பெனியிடம் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேளுங்கள், கையெழுத்தும் போட்டோவும் யாருடையது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சிபில், அதாவது வங்கிகள் கடன் கொடுக்குமுன் பார்க்கும் உங்கள் கடன் வரலாறு, கெட்டுவிடும் என்றும் மிரட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள். தவறாக ஏறியிருந்தால் அங்கேயே ஆட்சேபம் போடலாம், 30 நாளில் திருத்த வேண்டும்.

பாக்கி நிஜமாகவே உங்களுடையது, கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறதா, கட்டுங்கள். ஆனால் ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு வேண்டாம், கம்பெனியின் ஆப்பிலோ அலுவலகத்திலோ மட்டும். குறைத்து வாங்கிக்கொள்கிறோம் என்றால் அந்தத் தொகை, அதோடு கணக்கு முடிந்தது என்ற வரி, இரண்டும் கம்பெனியின் கடிதத்தில் வந்த பிறகு பணம் கொடுங்கள். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். அதே பாக்கியை வேறொரு ஏஜென்ட் வந்து கேட்பதும் நடக்கிறது, அன்றைக்கு அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.